இழந்த காலும் இடருற்ற இருதயமும்

(வெள்ளவத்தையில் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியற் கூட்டம் என்றால் அரசியலமைப்பு, அதிகாரப் பகிர்வு, காணி, மொழி ஆகியவையே பேசுபொருளாதல் வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இன்றைய பொருளை நான் அறிவித்தபோது, கூட்டத்தை ஒழுங்குசெய்த அன்பர் ஒருவர், "ஐயா, இது வைத்தியர்கள் பேசவேண்டிய விடயமல்லவா?" என்று வினவினார். வைத்தியர்க்குரிய பகுதி இதில் உண்டுதான். ஆனால் வைத்தியர் தம் கடமையைச் செவ்வனே முடித்தபின் தொடங்கும் பகுதி ஒன்றும் உண்டு. அது சட்டத்துக்கும் அரசியலுக்கும் உரியது.

போரிலே ஒரு காலை இழந்த மனிதனுக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் இருதயம் நோயுறுகின்றது. நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்கின்றனர். உயிர் தப்புகிறது, உழைப்பு நின்றுபோகிறது. அந்த நோய் போரினால் வந்ததா, வேறெதனாலும் வந்ததா? அரசு அவனுக்குக் கடன்பட்டிருக்கிறதா? கடன்பட்டிருக்கிறது என்றால் அதனை எண்பிக்க வேண்டியவர் யார்? இந்த வினாக்களை நாம் இன்று கேட்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அன்று இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதிலே காலைப் பறிகொடுத்தவர்கள் இன்று நாற்பதை நெருங்கியோ கடந்தோ நடமாடுகின்றனர். அதற்கு முந்திய பத்தாண்டுகளிலே ஆனையிறவிலும் பூநகரியிலும் முகமாலையிலும் இழந்தவர்கள் ஐம்பதை எட்டிவிட்டனர் அல்லது தாண்டிவிட்டனர். இருதயம் தொல்லை கொடுக்கத் தொடங்கும் பருவம் அது. ஒருவர் இருவரல்லர், ஒரு தலைமுறையே அப்பருவத்தினுள் நுழைகின்றது. சீருடை அணிந்தவரும் அணியாதவரும், வென்றவரும் தோற்றவரும், ஒருபக்கமும் சேராமல் வரம்பிலே நடந்து மிதிவெடியில் கால் வைத்த கமக்காரரும் அத்தலைமுறையில் அடங்குவர்.

காலுக்கும் இருதயத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அலுவலகங்களிலும் அதையே கேட்கின்றனர். வைத்திய நூலோர் கூறுவதை நான் விளங்கிக்கொண்ட அளவிலே சொல்கிறேன். முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்ட ஒருவர் செயற்கைக் காலோடு ஒரு மைல் நடப்பதற்கு, இரு கால்களும் உடையவர் செலவிடும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ செலவிட வேண்டியிருக்கிறது. ஆகவே விரைவிற் களைக்கிறார். களைப்பினால் நடை குறைகிறது. நடை குறைய உடல் பருக்கிறது. சர்க்கரையும் குருதியழுத்தமும் ஏறுகின்றன. இவற்றோடு ஓயாத நோவும், நித்திரையின்மையும், மனவழுத்தமும் சேர்கின்றன. இரண்டாம் உலகப் போரிலே அவயவங்களை இழந்த அமெரிக்கப் படையினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்த ஆராய்ச்சியின் முடிவு 1980இல் வெளிவந்தது. காயமுற்றும் அவயவம் இழக்காதிருந்த படையினரோடு ஒப்பிடும்போது, காலை மேற்பகுதியில் இழந்தவர்கள் இருதய நோயினால் இறப்பது மிகுதி என்பதே அம்முடிவு. காயம் ஆறிவிட்டது என்று வைத்தியசாலை எழுதிக்கொடுத்த துண்டைக் காயம் படித்துப் பார்ப்பதில்லை! அது உடலுக்குள்ளே தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது.

இனி ஒருவரைப்பற்றிச் சொல்கிறேன். அவர் கொட்டாஞ்சேனையில் வாழ்கிறார். பெயரைக் கூறேன். அவர் ஒரு காலத்தில் சீருடை அணிந்திருந்தவர். எந்தச் சீருடை என்பதையும் கூறேன். ஏனென்றால், சீருடையின் நிறத்தைக் கேட்டபின் நீதி வழங்கும் பழக்கம் இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. அந்தப் பழக்கம் நம்மிடமும் உண்டு. நிறம் தெரியாமலே நீங்கள் நீதிபதிகளாக இருந்து கேளுங்கள்.

மிதிவெடியினால் வலக்கால் முழங்காலுக்கு மேலே போயிற்று. செயற்கைக் காலோடு ஒரு கடையிலே கணக்கெழுதி வாழ்ந்தார். நாற்பத்தெட்டாவது வயதில் நெஞ்சுநோ வந்தது. மூன்று குழாய்கள் அடைபட்டிருந்தன. அரசாங்க வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை செய்தனர். ஒரு சதமும் வாங்கவில்லை. இந்நாட்டில் எவ்வளவோ குறைகள் இருப்பினும், ஏழை ஒருவனின் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்புவதற்குப் பணம் கேட்காத நாடு இது. அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். அங்குள்ள வைத்தியரும் தாதியரும் அவரிடம் சீருடையைப்பற்றிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின்புதான் துன்பம். இச்சத்திரசிகிச்சையின்போது நடுநெஞ்செலும்பை நீளவாட்டில் அறுத்துத் திறந்து, பின்னர் கம்பியாற் கட்டிவிடுகின்றனர். அந்த எலும்பு பொருந்தும்வரை, அதாவது ஆறு தொடக்கம் பன்னிரண்டு வாரங்கள்வரை, கைகளை ஊன்றி எழும்பாதே, பாரம் தூக்காதே, தள்ளாதே, இழுக்காதே என்பது வைத்தியர் இடும் கட்டளை. இரண்டு கால் உள்ளவருக்கு இது பொறுக்கத்தக்க கட்டளை. ஒரு கால் உள்ளவரோ ஊன்றுகோலில் நிற்பவர்! அவர் கைகளே அவருடைய கால்கள். கட்டிலிலிருந்து எழுவதற்கும் அவர் கைகளைத்தான் ஊன்ற வேண்டும். அவர் குடியிருப்பது மாடியிலே. படியிறங்கிக் கிளினிக்குக்குப் போவதற்கு இருவர் தூக்க வேண்டும். மனைவி வேலையை விட்டுவிட்டார். செயற்கைக் காலைப் பூட்டுவதற்கும் உடல் இடங்கொடுக்கவில்லை. வைத்தியசாலையில் ஊறி வீங்கிய அடிக்கால் அதற்குள் நுழைய மறுத்தது. இரண்டு நோய்களையும் தனித்தனியே கூட்டினால் வரும் தொகையிலும், இரண்டும் ஓருடலிற் சேரும்போது வரும் துன்பம் பெரிது. ஊனத்தை நூற்றுவீதத்தில் அளக்கும் சபைகள் இதைக் கணக்கில் எடுப்பது அரிது.

அவர் உதவி கேட்டு விண்ணப்பித்தார். பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. இருதய நோய் முந்திய காயத்தோடு தொடர்புடையது என்பதற்கு விண்ணப்பதாரர் ஆதாரம் காட்டவில்லை என்பது அதன் சாரம். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கீழ்வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் தமிழர் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழில் எழுதித் தொடர்புகொண்டு தமிழிலே மறுமொழி பெறலாம் என்கிறது. அந்த உரிமையைப்பற்றி எத்தனையோ மேடைகளிற் பேசியிருக்கிறோம். ஆனால் நோயாளியின் தலையணைக்குக் கீழே கிடந்த அக்கடிதத்தை வாசித்தபோதுதான் மொழியுரிமையும் உயிர்ப்பிரச்சினையும் எவ்வளவு கிட்டிய உறவினர் என்பது தோன்றிற்று.

கடிதத்தின் மொழி ஒருபுறம் கிடக்கட்டும். அதன் நியாயத்தைப் பார்ப்போம். "ஆதாரம் காட்டவில்லை." யார் காட்டவேண்டும்? ஒரு காலில்லாத, நெஞ்சு தைக்கப்பட்ட மனிதன், உலகத்து வைத்திய ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிக் கட்டாக்கிக்கொண்டு வந்து அலுவலகத்தின் மேசைமேல் வைக்க வேண்டும் என்பதா?

அமெரிக்காவைப்பற்றி நம்மவர்க்குப் பல கருத்துகள் உண்டு; எனக்கும் உண்டு. எனினும் முன்னாட் படையினர் விடயத்திலே அந்நாட்டு ஒழுங்குவிதிகளில் ஒரு வாசகம் இருக்கிறது. சேவையின் காரணமாக ஒரு காலை முழங்காலிலோ அதற்கு மேலோ, அல்லது இரு கால்களையும் கணுக்காலிலோ அதற்கு மேலோ இழந்த ஒருவருக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வருமாயின், அது அக்கால் இழப்பின் நேர்விளைவு என்றே கொள்ளப்படும். கொள்ளப்படலாம் என்றில்லை, கொள்ளப்படும் என்றிருக்கிறது. சட்டம் படித்தவர்கள் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிவர். அந்த ஒரு சொல், கொட்டாஞ்சேனை மனிதருக்கு வந்ததைப் போன்ற கடிதத்தை எழுதவே இயலாமற் செய்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். இருதயக் குழாய்களுக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்ட முன்னாட் படைஞரின் இருதய நோய் சேவையோடு தொடர்புடையதென ஏற்கப்பட்டிருந்தால், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களுக்கு அவருடைய ஊனம் நூற்றுக்கு நூறு என அங்கே கணிக்கப்படுகிறது. அதன் பின்னரே அவர் எவ்வளவு உழைக்க வல்லவர் என்று அளந்து வீதத்தைக் குறைக்கின்றனர். நெஞ்செலும்பு பொருந்தும் காலத்தையும் இம்மூன்று மாதங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டம் எழுதியவர் வைத்தியரைக் கேட்டபின் எழுதியிருக்கிறார் என்பது விளங்கும்.

வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் காட்டின்மேல் தெளித்த 'ஏஜென்ட் ஒரேஞ்' என்ற நஞ்சைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நாட்டிலே சேவைபுரிந்த படைஞர் ஒருவருக்குக் குருதியோட்டக் குறைவினால் உண்டாகும் இருதய நோய் வந்தால், அது அந்த நஞ்சினால் வந்ததே என அநுமானிக்கும் விதியை 2010 ஆகஸ்டில் நிறைவேற்றினர். போர் முடிந்து 35 ஆண்டுகளின் பின்! 2022இல் குருதியழுத்தத்தையும் அந்த நிரலிற் சேர்த்தனர். தெளித்த நஞ்சைக் குடித்து வாழ்ந்த வியட்நாமிய உழவர்க்கு அவ்விதி ஒன்றும் கொடுக்கவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. அங்கும் சீருடையின் நிறம் கேட்கப்பட்டது.

பிரித்தானியாவின் கதை நம் சட்டக் கல்லூரி மாணவர் அனைவருக்கும் பாதி தெரிந்த கதை. 'மில்லர் எதிர் ஓய்வூதிய அமைச்சர்' என்ற 1947ஆம் ஆண்டு வழக்கை அறியாத சட்டத்தரணி இலர். நியாயமான ஐயம் என்றால் என்ன என்பதற்கு டெனிங் பிரபு, அப்போது நீதியரசர் டெனிங், கொடுத்த விளக்கத்தை நாம் கொலை வழக்குகளில் எடுத்தாளுகிறோம். ஆனால் அது கொலை வழக்கன்று. இறந்துபோன படைஞர் ஒருவரின் விதவை ஓய்வூதியம் கேட்ட வழக்கு அது! 1943இல் பிரித்தானிய அரசு தன் ஓய்வூதிய விதிகளை மாற்றியமைத்து, நோய் சேவையினால் வந்தது என்று எண்பிக்கும் சுமையை நோயாளியின் தலையிலிருந்து இறக்கி வைத்தது. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே என்றது. அந்த ஐயத்தின் அளவு என்ன என்பதை விளக்கவே டெனிங் அவ்வார்த்தைகளை எழுதினார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குக் கொடுக்கும் ஐயத்தின் பயனை நாட்டுக்காக உடலைக் கொடுத்தவனுக்கும் கொடு என்பது அதன் பொருள். அந்த நாடே 2005 ஏப்பிரலுக்குப் பின்னான சேவைக்குப் புதிய திட்டம் வகுத்தபோது, சுமையை மீண்டும் படைஞரின் தோளில் ஏற்றிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமைகள் ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைக்கும் என்று யாரும் உறங்கிவிடலாகாது.

அண்டை நாடாகிய இந்தியாவிலே 1982ஆம் ஆண்டு விதிகள் இதே கொள்கையைத் தழுவின. படையிற் சேர்ந்தபோது ஒருவரிடம் நோய் இருந்ததாக எழுதிவைக்கப்படவில்லையாயின், அவர் உடல்நலத்தோடு சேர்ந்தார் என்று கொள்க. பின்னர் நோய் வந்து விலக்கப்பட்டால் அது சேவையினால் வந்ததென்று கொள்க. தகுதியை எண்பிக்குமாறு அவரைக் கேளாதே. விதி இவ்வளவு தெளிவாயிருந்தும் என்ன நடந்தது? தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985இல் சேர்ந்தார். வலிப்பு நோய் காரணமாக 1994இல் விலக்கப்பட்டார். ஊனம் நூற்றுக்கு 20 என்று மதித்த வைத்திய சபை, அது சேவையோடு தொடர்பற்றது என்று ஒரே வரியில் எழுதிவிட்டது. காரணம் கூறவில்லை. 2013 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் கூறாத வைத்திய சபையின் முடிவு செல்லாது, சுமை நோயாளியுடையதன்று என்பன அத்தீர்ப்பின் உயிர்நிலை. ஒரு சிப்பாய்க்குத் தன் சட்டத்தைத் தானே கைக்கொள்ளுமாறு அரசை இணங்கச் செய்வதற்கு 19 ஆண்டுகள் சென்றன. அந்த 19 ஆண்டுகளில் இடையிலே இறந்துபோன தரம்வீர் சிங்குகள் எத்தனை பேரோ! 2023 செப்டெம்பரில் அங்கும் புதிய விதிகள் வந்துள்ளன. குருதியழுத்தம் போன்ற நோய்களை அவை முன்னிலும் இறுக்கமாக நோக்குகின்றன என்று முன்னாட் படைஞர் முறையிடுகின்றனர்.

நம் நாட்டிலே இதற்கு வேண்டிய சட்ட வித்து இல்லையென்று எண்ணாதீர்கள். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவைப் புரட்டுங்கள். ஒரு விடயம் ஒருவருடைய தனியறிவுக்குள் இருக்குமாயின் அதனை எண்பிக்கும் சுமை அவருடையதே. சேர்ந்தபோது எடுத்த வைத்திய அறிக்கை யாரிடம் இருக்கிறது? காயமுற்றபோது எழுதிய குறிப்பு யாரிடம் இருக்கிறது? எத்தனை துண்டு இரும்பு உள்ளே விடப்பட்டது என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது? பெட்டியின் திறப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருப்பதை எண்பி என்று வெளியே நிற்பவனிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

"சுருட்டும் கொழுப்பும் உப்பும் சோம்பலும் சேர்ந்து வந்த நோய்க்கு அரசாங்கம் ஏன் பொறுப்பு?" என்று ஒரு வைத்திய அன்பரே என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி. நோய்க்கு ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அநுமானம் என்பது அசைக்க முடியாத முடிவாக வேண்டியதில்லை. அரசாங்கம் ஆதாரத்தோடு மறுக்கட்டும். அதற்கு வைத்தியரும் ஏடுகளும் பணமும் உண்டு. எதிரே நிற்பவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. யாருக்குச் சுமை தாங்கும் வலிமை உண்டோ அவரிடம் சுமையைக் கொடுக்கிறோம்; அவ்வளவே.

இனி, சீருடையின் நிறத்துக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனை மனிதர் இலங்கைப் படையிலே இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஊனமுற்ற படையினரினதும் அவர்தம் குடும்பத்தினரினதும் நலனைப் பேணவென 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தினால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. அப்படியிருந்தும் 2016 நவம்பரில் கொழும்புக் கோட்டையிலே நடந்ததென்ன? 12 ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் ஊனமுற்று விலகிய படையினர், தமக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்டு வீதியில் இருந்தனர். சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் ஜனாதிபதி செயலகத்தை நோக்கிச் சென்றவர்கள்மீது பொலிசார் கண்ணீர்ப்புகைக் குண்டு எறிந்தனர், நீரைப் பீச்சினர். குண்டு வந்து காலைக் கொண்டுபோகும்போது, "தம்பி, உனக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டா கொண்டுபோகிறது? சேவைக் காலத்தை அளவுகோலாக்கியதுதான் தவறு. அளக்க வேண்டியது காயத்தை.

அந்தக் காட்சியைக் கண்டு நம்மவர் சிலர் உள்ளூர மகிழ்ந்தனர் என்பதை நான் அறிவேன். அம்மகிழ்ச்சியின் பின்னே ஆறாத புண் இருக்கிறது. அப்புண்ணை இழிவாகப் பேச நான் வரவில்லை. என்றாலும் அது எனக்கு உடன்பாடன்று. மனித நேயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வெறும் சட்டத்தரணியின் கணக்காகப் பார்த்தாலும் அது பிழை. தன் கொடியின்கீழ் நின்று கால் இழந்தவனுக்கே எண்பிக்கும் சுமையை ஏற்றும் அரசு, பிறருக்கு எதை இறக்கப்போகிறது? அவன் அக்கொள்கையை வென்றெடுத்தால், அதே தீர்ப்பைக் கையிலேந்தி நாம் அடுத்த படியில் ஏறலாம்.

அவர் மற்றப் பக்கத்திலே இருந்தவர் என்று இப்போது வைத்துக்கொள்வோம். போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டு விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் கால் இல்லாதவர், கண் இல்லாதவர், முள்ளந்தண்டிலே காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவர் பலர். அவர்களுக்குப் படைஞர்க்குரிய சட்டம் எதுவும் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் பேதைமை. ஆனால் அவர்கள் இந்நாட்டுப் பிரசைகள், வலுவிழந்தோர். அந்த அளவிலே அவர்களைத் தாங்கவேண்டிய சட்டங்கள் உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைத்தது.

இவற்றிலெல்லாம் என் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆட்களுக்கெதிரான மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. மிதிவெடியினால் ஊறுபட்டவர்களின் பராமரிப்பு, புனர்வாழ்வு, சமூக பொருளாதார வாழ்வில் மீள்சேர்ப்பு ஆகியவற்றுக்கு வசதியுள்ள அங்கத்துவ நாடுகள் உதவவேண்டும் என்று அதன் 6ஆம் உறுப்புரை கூறுகிறது. ஊறுபட்டவர் யாருடைய ஆள் என்று அது கேட்கவில்லை. மிதிவெடியும் கேட்கவில்லையே! வசதியுள்ள நாடுகள் என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு திறைசேரி தப்பிக்கொள்ள முயலும்; அது வழக்கம். ஆனால் ஓர் அநுமானத்தைச் சட்டத்தில் எழுதுவதற்கு மை தவிர வேறு செலவு ஏது? பணம் கொடுப்பது பின்னர். முதலில், தொடர்பில்லை என்ற அந்த இரண்டு வரிக் கடிதங்களை நிறுத்தட்டும்.

கமக்காரப் பெரியோர்களே, உங்களை நான் மறக்கவில்லை. ஜெய்ப்பூர்க் கால் என்பதை நீங்கள் அறிவீர்கள். கொழும்பிலே பிரெண்ட்-இன்-நீட் சங்கம் 1985 தொடக்கமும், யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 தொடக்கமும் அக்காலைப் பொருத்தி வருகின்றன. சப்பாத்து இல்லாமலே சேற்றில் இறங்கவும், சம்மாணமிட்டு இருக்கவும் ஏற்றதாக இந்தியாவிலே வகுக்கப்பட்ட கால் அது. அந்தக் காலோடு வயலிறங்கி உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் வன்னியிலே எத்தனையோ பேர். அவர்களுக்கு நெஞ்சுநோ வந்தால், படைஞருமல்லர், உத்தியோகத்தருமல்லர் என்று இரண்டு கதவுகளும் அடைபடுகின்றன. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கமக்காரர் ஓய்வூதியச் சட்டத்தின்கீழ்ச் சந்தா கட்டியவர்கள் உங்களிற் சிலர் இருப்பீர்கள். முதுமைக்கு மட்டுமன்றி உடல் வலுவிழப்புக்கும் அதில் இடம் உண்டு. பலர் அதை அறியாமலே விட்டுவிடுகின்றனர். சந்தாப் புத்தகத்தைத் தேடி எடுங்கள்.

சட்டம் திருந்தும்வரை என்ன செய்வது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, வைத்தியர். இங்கே இருக்கும் வைத்திய அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நோய்நிர்ணய அட்டையிலே இருதய நோயை எழுதும்போது, நோயாளி எந்த ஆண்டில் எந்த உயரத்தில் காலை இழந்தவர் என்ற ஒரு வரியையும் எழுதுங்கள். அத்துண்டிப்பு இந்நோயை வளர்த்திருக்கக் கூடும் என்பது உங்கள் கருத்தாயின் அதையும் எழுதுங்கள். உங்களுக்கு அரை நிமிட வேலை. அவருக்கு அது ஆயுட்கால ஆதாரம்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். காயக் குறிப்பு, வைத்திய சபை அறிக்கை, விண்ணப்பத்தை நிராகரித்த கோவையிலுள்ள குறிப்புகள் எல்லாவற்றையும் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்திற் கேட்கலாம். தமிழிலே கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். பிறருடைய வைத்தியக் குறிப்பு என்றால் மறுக்கலாம். தன்னுடையதைத் தானே கேட்பவருக்கு அந்தத் தடையில்லை.

மூன்றாவது, காலக்கெடு. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நோயாளி தலை நிமிரவே மூன்று மாதமாகும்போது ஒரு மாதக் கெடு எங்கே போதும்? ஆகவே அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதிவிடுங்கள். அது அங்கே விசாரணையில் இருக்கும் காலம் கெடுவிற் கழிக்கப்படும். கடிதம் வந்த உறையை எறியாதீர்கள். அதன்மேல் உள்ள தபால் முத்திரைத் திகதிதான் உங்கள் மாதத்தின் முதல் நாளைக் காட்டும்.

நாலாவது, நாங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாரத்தில் ஒரு மாலை, சட்டத்தரணிகள் இருவரும் மொழிபெயர்க்க வல்லவர் ஒருவருமாக இருந்து இத்தகைய கடிதங்களை வாசித்து மறுமொழி எழுதிக் கொடுக்க ஒழுங்கு செய்திருக்கிறோம். கட்டணம் இல்லை. படியேற முடியாதவர் வரவேண்டியதில்லை. விலாசத்தைச் சொல்லியனுப்புங்கள், நாங்கள் வருவோம். எந்தச் சீருடையென்று அங்கும் கேட்கப்படாது. வருபவர்கள் நோய்நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, வந்த கடிதம், அதன் உறை ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் தாருங்கள். மூலப் பத்திரத்தை எங்களிடமும் விட்டுச் செல்ல வேண்டாம்.